ஊசி போடத் தாதிதான் வரவேண்டுமா?

இனிப்பு நீர் உள்ளவர்கள் தாங்களே இன்சுலின் போட்டுக்கொள்வதை நம்மில் பலர் வீட்டிலேயே பார்த்திருப்போம். சாப்பாட்டுக்கு முன் தாத்தா சட்டையைத் தூக்கி, வயிற்றில் பேனா ஊசியை வைத்து அழுத்துவார். ஒரு நிமிட வேலைதான். ஆனால், கை ஒத்துழைக்காத ஒருவரோ எண்களைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாத ஒருவரோ என்ன செய்வார்?

மெல்பர்னில் இரண்டாம் ஆண்டு படிக்கும் நான், பகுதி நேரமாக மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் பணியாளராக வேலை செய்கிறேன். நான்கு பேர் சேர்ந்து வாழும் வீடு அது. அவர்களில் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு நீரிழிவு. அவரால் பேச முடியாது. தினமும் அவருக்கு இன்சுலின் வேண்டும். அதற்காகத்தான் இவ்வாண்டு பயிற்சிக்குப் போனேன்.

யார் போடலாம்?

ஆஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியக் காப்புறுதித் திட்டம் 2013இல் தொடங்கியது. அதன்கீழ், தாதி அல்லாத பணியாளரும் இன்சுலின் ஊசி போடலாம். ஆனால் நிபந்தனைகள் உண்டு. தகுதிபெற்ற சுகாதார நிபுணர் பயிற்சி தரவேண்டும். யாருக்கு ஊசி போடப் போகிறோமோ அவருடைய தேவைக்கு ஏற்ற பயிற்சியாக அது இருக்கவேண்டும். அவருக்கென்று எழுதப்பட்ட பராமரிப்புத் திட்டமும் வேண்டும். மருந்தின் அளவை மருத்துவர்தான் முடிவு செய்வார். நாங்களாக ஒரு யூனிட்கூடக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

தாதி வந்துதான் ஊசி போடவேண்டும் என்றால் அவருடைய நாள் முழுவதும் தாதியின் நேரத்தைச் சுற்றியே நகரும். தாதி வரும்வரை பசியாற முடியாது. மாலையில் நண்பர்களோடு காற்பந்து பார்க்கப் போகமுடியாது. உடனிருப்பவருக்கு ஊசி போடத் தெரிந்தால் அவர் நினைத்த நேரத்தில் வெளியே கிளம்பலாம்.

கையில் பழகியது

விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை அளவைப் பார்ப்பதில் பயிற்சி தொடங்கியது. அடுத்து பேனா ஊசி. பெயர், மருந்து, அளவு, நேரம் ஆகிய நான்கையும் திட்டத்தோடு ஒப்பிட்ட பிறகே மூடியைத் திறக்கவேண்டும். புதிய ஊசிமுனையைப் பொருத்தி, 2 யூனிட் வெளியே விட்டு, மருந்து சரியாக வருகிறதா என்று பார்க்கவேண்டும். நாங்கள் பயன்படுத்திய ஊசிமுனையின் நீளம் 4 மில்லிமீட்டர்தான். தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பை எட்ட அது போதும். அழுத்தியதும் உடனே எடுக்காமல் பத்து வரை எண்ணவேண்டும்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் அந்த இடம் தடித்துவிடும். அங்கே போடும் இன்சுலின் ஒழுங்காக உடலில் சேராது. அதனால் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். முதலில் ரப்பர் திண்டில் குத்திப் பழகினோம். பிறகு தாதி பக்கத்தில் நின்று கவனித்து, திருப்தி அடைந்த பின்னரே கையெழுத்திட்டார்.

முனகல் நின்றால்

பயிற்சியில் அதிக நேரம் பேசியது சர்க்கரை குறைந்துபோவதைப் பற்றித்தான். லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் நடுக்கம், வியர்வை, குழப்பம் வரலாம். நாமாக இருந்தால் "தலை சுற்றுகிறது" என்று சொல்லிவிடுவோம். பேச முடியாதவர் தட்டைத் தள்ளிவிடலாம், எரிச்சலடையலாம். 'இன்று முரண்டு பிடிக்கிறார்' என்று எழுதிவிட்டு நகர்ந்தால் அவர் உயிருக்கே ஆபத்தாகலாம்.

நான் உதவுகிறவர் துணி மடிக்கும்போது எப்போதும் ஏதாவது ஒரு மெட்டை முனகிக்கொண்டிருப்பார். சர்க்கரை இறங்கினால் முதலில் நிற்பது அந்த முனகல்தான். இதைச் சொன்னவர் அவருடைய அக்கா. இப்போது அது திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது: முனகல் நின்றால் உடனே சோதிக்கவும். அளவு 4க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது அரைக் குவளை பழச்சாறு கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிப்போம். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஆம்புலன்சை அழைக்கவேண்டும்.

ஊசிக்கு முன் அவரிடம் பேனாவைக் காட்டுவேன். வயிற்றின் எந்தப் பக்கம் என்று அவரே தொட்டுக் காட்டுவார். முகத்தைத் திருப்பிக்கொண்டால் சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்பேன். அது அவருடைய உடல்.

நம் வீட்டில் யாருக்குத் தெரியும்?

மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு என்கிறது 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு. 2019ஆம் ஆண்டு ஆய்வில் மற்ற இனங்களைவிட இந்தியர்களிடையேதான் இது அதிகமாகக் காணப்பட்டது. உங்கள் வீட்டிலோ உறவிலோ இன்சுலின் தேவைப்படும் மாற்றுத்திறனாளி இருந்தால், ஊசி போடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலும் அம்மா ஒருவர்தான். அம்மாவே ஒருநாள் மருத்துவமனையில் படுத்துவிட்டால்?

அடுத்த முறை கிளினிக்கிற்கு நீங்களும் கூடப் போங்கள். தாதியிடம் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் பார்க்க நீங்கள் செய்துகாட்டுங்கள். மருந்தின் அளவு, நேரம், சர்க்கரை இறங்கும்போது அவரிடம் தெரியும் மாற்றம், அவசரத்திற்கு 999 ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள். அந்த மாற்றம் என்ன என்பதை மட்டும் அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். அது அவருக்குத்தான் தெரியும்.