வயதும் முதுகெலும்பும்

தைப்பூசத்தன்று தண்ணீர்மலையின் 513 படிகளை ஏறிவரும் பக்தர்களில் முதியவர்களும் ஏராளம். முன்னே குனிந்து, முழங்கால்களைச் சற்றே மடக்கியபடி அவர்களில் சிலர் ஏறுவதைக் கண்டிருப்பீர்கள். "வயதாகிவிட்டது, கூன் விழுந்துவிட்டது" என்று சொல்லிவிடுகிறோம். அந்தக் கூன் எப்படி உண்டாகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது.

நமது முதுகெலும்பு நேரான கம்பு அன்று. கழுத்திலும் கீழ்முதுகிலும் முன்புறமாகவும், மார்புப் பகுதியில் பின்புறமாகவும் அது வளைந்துள்ளது. இவ்வளைவுகளே தலையின் பாரத்தை இடுப்பெலும்புக்கு நேர் மேலே நிறுத்துகின்றன. முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற தட்டுகள் உள்ளன. வயது ஏற ஏற அவை நீர்ச்சத்தை இழந்து தேய்கின்றன. கீழ்முதுகின் வளைவு குறைகிறது, மேல்முதுகு கூனுகிறது, உடல் முன்னே சாய்கிறது.

இச்சாய்வை ஈடுசெய்ய இடுப்பெலும்பு பின்பக்கமாகச் சாய்ந்து கொடுக்கிறது. அதுவும் போதாதபோது முழங்கால்கள் மடங்குகின்றன. தொடைத் தசைகள் ஓயாமல் உழைப்பதால் சிறிது தூரம் நடந்தாலே களைப்பு உண்டாகிறது.

இடுப்பெலும்பின் வடிவமும் மாறாமல் இருப்பதில்லை. பெண்களின் இடுப்பெலும்பு பருவ வயது முதல் 25-30 வயது வரை பிள்ளைப்பேற்றுக்கு ஏற்ப அகன்று, 40 வயதுக்குப் பின் மீண்டும் சற்றுக் குறுகுகிறது என்று சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் எடுத்துக்காட்டினர்.

ஆனால் எல்லாக் கூனும் வயதின் இயல்பு அன்று. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்து, முள்ளெலும்பு நசுங்குவதுண்டு. பல சமயம் வலியே தெரியாது. இளமையில் இருந்த உயரத்தில் 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தாலோ, திடீர் முதுகுவலி கண்டாலோ மருத்துவரிடம் காட்டி எலும்பைப் பரிசோதித்துக் கொள்ள வேண்டும். கால் மரத்துப் பலவீனமானாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது.

தினமும் நடப்பது, முதுகுக்கும் இடுப்புக்கும் வலுவூட்டும் பயிற்சிகளை முறையாகக் கற்றுச் செய்வது, பால், தயிர், கேழ்வரகு, கீரை ஆகியவற்றை உணவில் சேர்ப்பது, புகைப்பதை விடுவது ஆகியவை எந்த வயதிலும் பயன் தரும்.

அன்பர்களே, வீட்டிலுள்ள பெரியவர்களை ஆண்டுக்கு ஒருமுறை சுவரோரம் நிற்க வைத்து, உயரத்தை அளந்து குறித்து வையுங்கள். செலவில்லாத இந்தச் சிறு காரியம், மறைந்திருக்கும் எலும்பு முறிவைக் காலத்தோடு காட்டிக்கொடுக்கக் கூடும்.