ஒரே குலம், வேறு வேறு குணம்

திருகோணமலை என்றவுடன் கோணேசர் ஆலயமும் ஆழ்ந்தகன்ற இயற்கைத் துறைமுகமும் நம் நினைவில் எழுகின்றன. அத்துறைமுகத்தை அடுத்த சீனக்குடாவிலே, மரஞ்செடிகளிடையே நிற்கும் மாபெரும் எண்ணெய்த் தாங்கிகளைக் கண்டோர் அவற்றையும் மறவார். பிரித்தானியர் தம் கடற்படைக்கென அமைத்தவை அவை. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் தாக்கியபோது அவற்றுள் ஒன்று தீப்பற்றி நாட்கணக்கில் எரிந்தது. இன்று எஞ்சியிருப்பவை 99.

அத்துணைப் பெரிய தாங்கியில் மட்டுமன்று, நம் வீட்டுப் போத்தலிலும் அதே நெருப்பு உறங்குகின்றது. 2022ஆம் ஆண்டு எரிபொருள் அருகிய நாட்களில் பலர் பெற்றோலை வீட்டிலே சேமித்து வைத்தனர். நம் மாணவர் ஒருவரின் இல்லத்தில், குப்பிவிளக்கிற்கு எண்ணெய் வார்க்கச் சென்ற அவர் தங்கை பெற்றோல் போத்தலை எடுத்துவிட்டாள். மணத்தால் அறிந்த அம்மம்மா ஓடிவந்து பறித்ததால் பெருந்தீங்கு விலகிற்று.

மறுநாள் அம்மாணவர் நம்மிடம், “ஐயா, இரண்டும் எண்ணெய்தானே? ஒன்று விளக்கிற்கு ஆகும், மற்றையது ஆகாது என்பது ஏன்?” என வினவினார். நல்ல கேள்வி.

இவ்வெரிபொருள்கள் யாவும் பெரும்பாலும் காபனும் ஐதரசனும் இணைந்த ஐதரோகாபன்களே. காபன் அணுக்கள் சங்கிலிபோற் கோத்து நிற்கின்றன. சங்கிலி குறுகினால் பொருள் எளிதில் ஆவியாகும். நீண்டால் தடித்து, இறுதியில் திண்மமாகும். ஒரே காபன் கொண்ட மெதேன், −162 பாகை செல்சியஸ் வரை குளிர்ந்தாலன்றித் திரவமாகாது. மூன்றும் நான்கும் கொண்ட புரொப்பேனும் பியூட்டேனும் வாயுக்களே. எனினும் அழுத்தத்தினால் திரவமாகி அடுக்களைச் சிலிண்டரில் அடங்குகின்றன. பெற்றோலும் மண்ணெண்ணெயும் டீசலும் திரவங்கள். சங்கிலி இருபதைக் கடந்தால் மெழுகுதிரியின் மெழுகு. வீதிக்கு இடும் தார் அதனினும் கனத்த கூறுகளாலானது.

திரவ எரிபொருளில் எரிவது திரவமன்று, அதன் ஆவியே. பெற்றோல் −40 பாகையளவிலேயே தீப்பற்றத்தக்க ஆவியை விடும். மண்ணெண்ணெய்க்கோ ஏறத்தாழ 38 பாகையேனும் வேண்டும். ஆதலால் திரி உறிஞ்சிய மண்ணெண்ணெய் திரிநுனியில் மட்டும் அமைதியாக எரிகின்றது. பெற்றோலிட்ட விளக்கிலோ தீ உட்புகுந்து வெடிக்கவுங் கூடும். கப்பலுக்கான கறுத்த உலை எண்ணெய் சூடேற்றினாலன்றி நன்கு ஓடாது. ஆயினும் போர்த்தீ பற்றியபின் அணைத்தல் அரிதாயிற்று.

சமையல் வாயுவின் குணம் வேறு. அது காற்றினும் கனமானது. கசிந்தால் தரையிலே தங்கும். இயல்பில் மணமற்ற அதற்கு, கசிவை உணர்த்தவே துர்நாற்றம் சேர்க்கின்றனர். அந்நாற்றம் வந்தால் சிலிண்டரின் வாயை அடைத்து, கதவு சன்னல்களைத் திறத்தல் வேண்டும். மின்சுவிட்சைத் தொடுதலும் தீக்குச்சி உரசுதலும் ஆகா.

மீனவர் இல்லங்களில் படகு இயந்திரத்திற்கான மண்ணெண்ணெயும் மோட்டார் சைக்கிளுக்கான பெற்றோலும் அருகருகே இருத்தல் உண்டு. அவற்றை வெவ்வேறு கலன்களிலிட்டு, பெயரெழுதி, அடுப்பிற்கும் குழந்தைகளுக்கும் எட்டாது வைத்தல் நம் கடன். குடிநீர்ப் போத்தலில் எவ்வெரிபொருளையும் ஊற்றலாகாது.

அன்று ஒரு வீட்டைக் காத்தது அம்மம்மாவின் மூக்கு. இனி நம் பிள்ளைகளின் அறிவு காக்கட்டும்.