அறுபதைக் கடந்தவர்களும் தீம் பார்க்கும்

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு தீம் பார்க்குக்குப் போகும் தாத்தா பாட்டிகளுக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான் தரப்படுகிறது: மர நிழலில் உட்கார்ந்து பைகளையும் செருப்புகளையும் பார்த்துக்கொள்வது. அவர்களும் கட்டணம் கட்டி உள்ளே வந்தவர்கள்தான். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று பிள்ளைகள் தடுக்கிறார்கள். ரைடு வாசலில் நிற்கும் ஊழியரோ நரைத்த தலையைக் கண்டதும் கையை நீட்டி மறிக்கிறார். யாருக்கு எது ஆகாது என்று ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாரையும் ஏற்றிவிட்டு, ‘சொந்தப் பொறுப்பில் பயன்படுத்தவும்’ என்று ஒரு பலகையை மட்டும் மாட்டிவைக்கும் பூங்காக்களும் உண்டு. மறிப்பது, கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவது என்ற இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ஒவ்வொரு ரைடும் உடம்பை என்ன செய்யும் என்பதைப் பூங்கா தெளிவாகச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு, ஏறுவதா வேண்டாமா என்று வந்தவரே முடிவெடுக்க வேண்டும். இந்தப் பழக்கம் நம் ஊரில் இன்னும் வராததே அந்தக் காரணம். அந்தத் தகவலைப் பெறுவது சட்டம் நமக்குத் தந்திருக்கும் உரிமை.

வயது என்ற எண்ணை மட்டும் வைத்து ஒருவரின் உடல்நிலையைச் சொல்லிவிட முடியாது. ஜெர்மனியின் மான்ஹைம் பல்கலைக்கழக மருத்துவமனை ஆய்வாளர்கள் 55 பேரை வேகமான ரோலர் கோஸ்டர் ஒன்றில் ஏற்றி, அவர்களின் இதயத்துடிப்பைப் பதிவு செய்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள். நிமிடத்துக்குச் சராசரியாக 91 ஆக இருந்த துடிப்பு 153 வரை ஏறியது. ஏறியவர்கள் உடல்நலம் உள்ளவர்கள். அவர்களின் சராசரி வயது முப்பதுக்கும் கீழே. நல்ல உடம்புக்கே இவ்வளவு பாரம் என்றால், கண்டுபிடிக்கப்படாத இதய நோயோடு ஏறும் முப்பத்தைந்து வயதுக்காரருக்கு இருக்கும் ஆபத்து, நோய்நொடி இல்லாத அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு இருப்பதைவிட அதிகம். ஆகவே வாசலில் கேட்க வேண்டியது வயதை அல்ல. ஸ்டென்ட் அல்லது பேஸ்மேக்கர் இருக்கிறதா, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா, எலும்பு மெலிந்திருக்கிறதா, கழுத்து வலி உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, அண்மையில் கண் அறுவைச் சிகிச்சை நடந்ததா என்று கேட்க வேண்டும். வெயிலும் சேர்ந்துகொள்ளும். நீர் பிரிய மாத்திரை எடுப்பவர் மதிய வெயிலில் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பதும் ஆபத்தானது.

இருக்கையில் மடிமேல் வந்து இறங்கும் இரும்புத் தண்டைப் பாருங்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே தண்டு இருக்கும் ரைடுகளில், பருமனான மகனும் ஒல்லியான தாயும் அருகருகே உட்கார்ந்தால், தண்டு மகனின் வயிற்றைத் தொட்டதும் நின்றுவிடும். தாயின் மடிக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். வண்டி மேட்டிலிருந்து சரியும்போது அவர் உடம்பு இருக்கையைவிட்டு எழும்பும். சிறுவர்களுக்கும் இதே கதிதான். ஆளுக்கொரு தண்டு உள்ள ரைடா என்று பார்ப்பதும், உடல்வாகு ஒத்தவர்களைச் சேர்த்து உட்கார வைப்பதும், பூட்டிய பிறகு ஊழியர் கையால் இழுத்துப் பார்க்கிறாரா என்று கவனிப்பதும் உயிரைக் காக்கும் காரியங்கள். இழுத்துப் பார்க்காமல் பொத்தானை அழுத்தப் போனால், வண்டி கிளம்புவதற்கு முன்பே குரல் கொடுத்து இறங்கிவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெரிய விபத்துகள் பயணியின் வயதால் வந்தவை அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரி அருகே ஊசலாடும் ராட்டினம் ஒன்று முறிந்து விழுந்து உயிர்கள் போயின. 2022 செப்டம்பரில் மொஹாலி பொருட்காட்சியில் உயர ராட்டினம் ஆட்களோடு கீழே விழுந்தது. 2024 மே மாதம் ராஜ்கோட் விளையாட்டு அரங்கில் தீப்பிடித்து, குழந்தைகள் உட்பட 27 பேர் இறந்தார்கள். அங்கே தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றிதழே இல்லை. என்ன நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல என்ற படிவத்தில் உள்ளே போனவர்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள் என்பதும் அப்போது செய்தியானது.

அந்தக் கையெழுத்துக்கும் நம் ஊர்ப் பலகைக்கும் சட்டத்தில் எவ்வளவு மதிப்பு? டெல்லி நட்சத்திர ஓட்டல் ஒன்றில் நிறுத்தக் கொடுத்த கார் 1998இல் திருடுபோன வழக்கில், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்று சீட்டில் அச்சடித்துவிட்டதால் ஓட்டல் தன் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்றது. அது ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பற்றிய சட்டம். ராட்டினத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காருக்கு இல்லாத சலுகை மனித உடம்புக்கு மட்டும் எப்படிக் கிடைக்கும்? 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கவனக்குறைவால் காயம் ஏற்படுத்துவதையும், சொல்ல வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் ‘சேவைக் குறைபாடு’ என்றே வரையறுக்கிறது. ஒருதலைப்பட்சமான நியாயமற்ற ஒப்பந்தத்தை எதிர்த்து மாநில ஆணையத்துக்குப் போகவும் வழி வைத்திருக்கிறது.

பூங்கா நடத்துபவர்கள் தரப்பில் ஒரு கேள்வி எழும்: நோயை மறைத்து ஏறினால் நாங்கள் என்ன செய்வது? நியாயமான கேள்வி. தமிழில், பெரிய எழுத்தில் எச்சரிக்கை இருந்தும், ஊழியர் கேட்டும் மறைத்தவருக்கு இழப்பீடு கேட்பது கடினம். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். அதனாலேயே தெளிவான எச்சரிக்கை பூங்காவுக்கும் பாதுகாப்பு. வயது வரம்பு வைப்பதே எளிதல்லவா என்றும் கேட்கலாம். தனியார் பூங்கா வயது வரம்பு வைப்பதை நேரடியாகத் தடுக்கும் சட்டம் இங்கே இல்லை. ஆனால் டிக்கெட் வாங்கும் முன்பே அதைச் சொல்லாமல், பணத்தை வாங்கிக்கொண்டு வாசலில் மறிப்பது நுகர்வோரின் தகவல் பெறும் உரிமையை மீறுவது. மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கறாரானது: 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டப்படி, தகுந்த காரணத்தைக் காட்டாமல் குறைபாட்டைச் சொல்லி ஒருவரை ஒதுக்க முடியாது. "உங்களால் முடியாது" என்ற ஊழியரின் ஊகம் தகுந்த காரணம் ஆகாது.

நுகர்வோர் வழக்கு என்றால் இழுத்தடிக்கும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தாமதம் உண்மைதான். ஆனால் வழி எளிது. மகன் வாங்கிய டிக்கெட்டில் போன தாயும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே. வழக்கறிஞர் கட்டாயமில்லை. சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. சென்னையிலோ பெங்களூரிலோ அடிபட்டாலும் திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலியிலேயே புகார் தரலாம். இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். டிக்கெட் பணம், மூடிக்கிடந்த ரைடு போன்ற சின்னத் தகராறுகள் அங்கேயே முடியக்கூடும். அடிபட்டிருந்தால் பூங்காவின் முதலுதவி அறையோடு நின்றுவிடாமல் அரசு மருத்துவமனைக்குப் போய் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு செய்யச் சொல்லுங்கள், காவல் நிலையத்தில் புகார் தந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள், டிக்கெட்டையும் ரைடின் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். சிசிடிவி பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடக்கூடும். அதை அழிக்கக் கூடாது என்று அன்றே நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.