வெற்றுப் பதிவேடு கற்பித்த பாடம்
கோலார்த் தங்கச் சுரங்கத்தில் அண்டக் கதிர் ஆராய்ச்சி

விண்வெளியிலிருந்து பூமியின்மீது அண்டக் கதிர்த் துகள்கள் இரவும் பகலும் பொழிந்த வண்ணம் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை மின்னேற்றமுள்ள புரோட்டான்கள். சூரிய மண்டலத்தில் திரியும் மின்னேற்றத் தூசியைப் போலவே இவற்றின் பாதையையும் காந்தப் புலம் வளைத்துவிடுகிறது. இவை காற்று மண்டலத்தைத் தாக்கும்போது மியூவான், நியூட்ரினோ முதலிய துகள்கள் தோன்றுகின்றன. மின்னேற்றமுள்ள மியூவான்கள் தரைமட்டத்தில் நம் உள்ளங்கை வழியே ஏறத்தாழ வினாடிக்கு ஒன்றாகச் செல்கின்றன. மின்னேற்றமற்ற நியூட்ரினோவோ பூமியையே எளிதில் ஊடுருவிச் செல்லும். மிக அரிதாகவே அது ஒரு பொருளோடு மோதும்.

பாறையே திரை

மியூவான்களின் இரைச்சலுக்கிடையே நியூட்ரினோவின் அடையாளத்தைக் காண்பது எவ்வாறு? மியூவான் பாறைக்குள் செல்லச் செல்லத் தன் ஆற்றலை இழக்கிறது. ஆகவே ஆழமே தகுந்த திரையாகும். 1880-களிலிருந்து கோலாரில் பொன்னுக்காக அத்தகைய ஆழம் தோண்டப்பட்டது. கடும் வெப்பத்திலும் பாறை வெடிப்பின் அபாயத்திலும் உழைத்த தொழிலாளருள் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர் ஆவர்.

ஹோமி பாபாவின் தூண்டுதலால், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பி. வி. ஸ்ரீகண்டன் 1951-இல் அங்கு ஆய்வைத் தொடங்கினார். பின்னர், 1960-களின் தொடக்கத்தில், மியாகே, நரசிம்மம், ரமணமூர்த்தி ஆகியோர் பல ஆழங்களில் மியூவான்களை எண்ணினர். 2.7 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. இவ்வெறுமை தோல்வியன்று, நியூட்ரினோவைத் தேடுவதற்கு ஏற்ற அமைதி அங்கு உண்டு என்பதற்கு அதுவே சான்றாயிற்று.

கிடையாக வந்த துகள்

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் கூடிக் கருவிகளை நிறுவினர். துகள் பட்டதும் ஒளிரும் பிளாஸ்டிக் பலகைகள் இரு புறமும் சுவர்போல் நின்றன. இடையே நியான் குழாய்கள் துகளின் தடத்தைக் காட்டின. சாய்ந்து வரும் மியூவான் கடக்கவேண்டிய பாறை மிக அதிகம். எனவே மேலிருந்து தப்பி வருபவை ஏறத்தாழச் செங்குத்தாகவே வரும். கிடையாகக் கடக்கும் மியூவான், அருகிலுள்ள பாறையில் நியூட்ரினோ மோதிப் பிறந்ததாகவே இருத்தல் வேண்டும். அத்தகைய நிகழ்ச்சி 1965 ஏப்ரலில் பதிவாயிற்று. தென்னாப்பிரிக்கச் சுரங்கமொன்றில் ரெயின்ஸ் குழுவினர் அதே ஆண்டு பிப்ரவரியில் இத்தகைய நிகழ்ச்சியைப் பதிந்திருந்தனர். எனினும் கோலார்க் குழுவின் அறிக்கையே, ஆகஸ்டு மாதத்தில் இரு வாரம் முந்தி அச்சேறியது.

1980-இல் புரோட்டான் சிதைவு ஆராய்ச்சியும் அங்கே தொடங்கிற்று. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது; ஆழ்மட்டங்களில் நீர் நிறைந்துவிட்டது. அங்கு கிடைத்த அறிவோ நிலைத்துள்ளது.

பரிசோதனையில் ஒன்றும் பதிவாகாதபோது மாணவர் அந்தப் பக்கத்தைக் கிழித்தெறிய முற்படுவதுண்டு. ஆசிரியர்கள் அவ்வேளையில் கோலாரின் அந்த இரண்டு மாதங்களை எடுத்துக் கூறலாம். கருவி செம்மையாக இயங்கியது என்பது உறுதியானால், சுழியும் ஓர் அளவீடே ஆகும்.