தற்காப்புக் கைத்துப்பாக்கி (இந்தியா)

தற்காப்புக் கைத்துப்பாக்கி என்பது உரிமம் பெற்ற தனிநபர் ஒருவர் தமது உயிரையோ உடைமையையோ காத்துக்கொள்ளும் பொருட்டு மறைவாக எடுத்துச்செல்லும் சிறிய துப்பாக்கி ஆகும். ரிவால்வர், பிஸ்டல் என இது இரு வகைப்படும். இந்தியாவில் இதனை வைத்திருப்பது ஓர் உரிமையன்று. அரசு வழங்கும் அனுமதியே ஆகும்.

சட்டப் பின்னணி

1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டமும் 2016 ஆம் ஆண்டின் படைக்கல விதிகளும் இதனை நெறிப்படுத்துகின்றன. உரிமம் பெறுவதற்கு 21 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கான நாட்டுத் துப்பாக்கி போன்றவற்றுக்குச் சட்டம் தனி வழி வகுத்துள்ளது. கைத்துப்பாக்கிக்கோ "தக்க காரணம்" இருப்பதாக உரிமம் வழங்கும் அதிகாரி நிறைவடைதல் வேண்டும். உயிருக்கு அச்சுறுத்தல் இருத்தல், தொழிலின் தன்மையால் பாதுகாப்புத் தேவைப்படுதல் ஆகியன இவ்வாறு கருதப்படுகின்றன. காவல்துறையின் அறிக்கை பெறப்பட்ட பின்னரே முடிவு எடுக்கப்படும். உரிமம் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் வைத்திருக்கக்கூடிய சுடுகலன்களின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. உரிமத்தின் காலம் மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்து ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது.

கிடைக்கும் வகைகள்

9 மி.மீ., .380, .455 போன்ற படைத்துறைத் தோட்டாக்களைச் சுடும் துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. பிற நாடுகளில் மறைவாக எடுத்துச்செல்லப் பெரிதும் விரும்பப்படும் 9 மி.மீ. பிஸ்டல் இதனால் இந்தியாவில் பொதுமக்களுக்கு எளிதில் கிட்டுவதில்லை. 1980களின் நடுப்பகுதியிலிருந்து தனிநபர் இறக்குமதியும் பெரிதும் நிறுத்தப்பட்டுள்ளது. எனவே தேர்வு பெரும்பாலும் உள்நாட்டில் செய்யப்படும் .32 அளவுக்குள் அடங்குகிறது.

* .32 ரிவால்வர்: பழைய வெப்லி வடிவமைப்பைத் தழுவியது, கான்பூரில் செய்யப்படுவது. ஆறு தோட்டாக்கள் கொள்ளும். எடை ஏறத்தாழ 700 கிராம்.
* நிர்பீக்: 2014 இல் பெண்களை முன்னிட்டு வெளியிடப்பட்ட .32 ரிவால்வர். டைட்டானியம் கலப்புலோகத்தால் ஆனது. எடை ஏறத்தாழ 500 கிராம்.
* பிரபல்: 2023 இல் வெளியிடப்பட்ட .32 ரிவால்வர். இதன் தோட்டா உருளை பக்கவாட்டில் திறக்கும்.
* அசானி: .32 பிஸ்டல். தோட்டாக்கள் கைப்பிடியினுள் செருகும் பெட்டியில் இடப்படும்.

ரிவால்வர், பிஸ்டல் இரண்டும் .32 என வழங்கப்பட்டாலும் அவற்றின் தோட்டாக்கள் வேறுபட்டவை. ரிவால்வர் தோட்டாவின் கூடு ஏறத்தாழ 23 மி.மீ. நீளமும் பிஸ்டல் தோட்டாவின் கூடு 17 மி.மீ. நீளமும் கொண்டவை. ஒன்றுக்கு மற்றொன்றை வாங்கிப் பயன்படுத்தலாகாது.

தேர்வில் கருதவேண்டியவை

சிறியதும் இலேசானதுமான துப்பாக்கி மறைத்து வைக்க எளிது. ஆயினும் சுடுவதற்குக் கடினமானது. எடை குறையக் குறையப் பின்னுதைப்பு கையில் மிகுதியாக உணரப்படும். குழல் குட்டையாயின் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையிலுள்ள தொலைவு குறைந்து, குறி தவறும் வாய்ப்பு கூடும். கைப்பிடி சிறிதாயின் விரல்கள் முழுதும் பற்றா.

ரிவால்வரின் இயக்கம் எளியது. ஒரு தோட்டா வெடிக்காவிடில் விசையை மீண்டும் இழுத்தால் அடுத்த தோட்டா வரும். ஆனால் உருளையின் பருமனால் இடுப்பில் புடைத்துத் தெரியும். பிஸ்டல் தட்டையானது, ஆயினும் காப்புப்பூட்டை நீக்குதல், தோட்டா சிக்கினால் எடுத்தல் ஆகியவற்றில் நல்ல பழக்கம் வேண்டும். பயிற்சிக்கு நேரம் ஒதுக்க இயலாதவருக்கு ரிவால்வரே பொருந்தும் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது.

எடுத்துச்செல்லுதல்

பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கென அமைந்த உறையிலோ பையிலோ முழுவதும் மூடி, தம் கட்டுப்பாட்டில் வைத்தே எடுத்துச்செல்லுதல் வேண்டும் என விதிகள் கூறுகின்றன. பிறர் காணக் காட்டி அச்சுறுத்துவதும், திருமணம் முதலிய விழாக்களில் சுடுவதும் குற்றமாகும். உறை விசையை முழுதும் மறைப்பதாக இருத்தல் இன்றியமையாதது. இடுப்பில் உறையின்றிச் செருகுவது தன்னையே சுட்டுக்கொள்ளும் விபத்துக்கு வழிகோலும். உரிமத்தில் குறித்த எல்லைக்கு அப்பால் எடுத்துச்செல்லலாகாது. தேர்தல் காலங்களில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு கோரப்படலாம்.

திருப்பூர் வட்டாரத்தில்

திருப்பூர், அவிநாசி, பல்லடம் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய பின்னலாடை வட்டாரத்தில் பனியன் நிறுவனங்கள் பலவற்றில் கூலி வாரந்தோறும், பெரும்பாலும் சனிக்கிழமைகளில், ரொக்கமாகவே வழங்கப்பட்டு வந்தது. வங்கியிலிருந்து ஆலைக்குப் பணம் கொண்டுசெல்வது இடர் மிக்க பணி. உரிமம் கோரும் தொழில்முனைவோர் கூறும் காரணங்களுள் இத்தகைய பணப்போக்குவரத்தும் அடங்கும். கூலியை வங்கிக் கணக்கில் செலுத்துவதும், செல்லும் நேரத்தையும் வழியையும் மாற்றிக்கொள்வதும், துணையுடன் செல்வதும் துப்பாக்கியின்றியே இடரைக் குறைக்கும் வழிகளாகும்.

தற்காப்பு உரிமையின் எல்லை

உரிமம் பெற்றிருத்தல் சுடுவதற்கான அனுமதி ஆகாது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, முந்தைய இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் போன்றே, தேவைக்கு மேற்பட்ட தீங்கு விளைவிக்கத் தடைவிதிக்கிறது. உடைமையைக் காக்கும்போது உயிர்ச்சேதம் விளைவிக்கும் அளவுக்குச் செல்ல, வன்முறையுடன் கூடிய கொள்ளை போன்ற சில நிலைகளில் மட்டுமே இடமுண்டு. பணப்பையைப் பறித்துக்கொண்டு ஓடுபவனை முதுகில் சுடுபவர் கொலை வழக்கை எதிர்கொள்ள நேரிடலாம். மேலும் துப்பாக்கியே பறிபோகவும், வீட்டில் சிறுவர் கையில் சிக்கவும் கூடும். ஆதலால் தோட்டாவை நீக்கிப் பூட்டிய பெட்டியில் வைப்பதும், தொலைந்தால் உடனே காவல் நிலையத்தில் அறிவிப்பதும் உரிமம் பெற்றவரின் கடமைகளாகும்.