கண்ணு மங்கினால் ஞாபகமும் மங்குமா? புரை ஆபரேஷனை தள்ளிப்போடுபவர்கள் கவனத்துக்கு...

மதுரை:
"அம்மாவுக்கு 70 வயசு ஆச்சு. இனிமே கண்ணு தெரிஞ்சு என்ன செய்யப் போறாங்க?" என்று கண்புரை ஆபரேஷனை தள்ளிப்போடும் வீடுகள் ஏராளம். ஆனால் பார்வை மங்கிய முதியவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பும் அதிகம் என்பது ஆய்வுகளில் தெரிய வந்துள்ளது.

அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 65 வயதை தாண்டிய, கண் நோய் உள்ள 3 ஆயிரத்து 38 பேரை டாக்டர்கள் பல ஆண்டுகள் கண்காணித்தனர். அதன் முடிவு 2021-ம் ஆண்டு வெளியானது. புரை ஆபரேஷன் செய்து கொண்டவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு, செய்யாதவர்களை விட சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்தது. கண் நீர் அழுத்த நோய்க்கு ஆபரேஷன் செய்தவர்களிடம் இந்த பலன் தெரியவில்லை. அந்த ஆபரேஷனில் போன பார்வை திரும்ப வராது என்பது குறிப்பிடத்தக்கது.

2024-ம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, மறதி நோய்க்கு வழிவகுக்கும், தவிர்க்கக்கூடிய 14 காரணங்களில் ஒன்றாக, கவனிக்காமல் விட்ட பார்வை குறைபாட்டையும் புதிதாக சேர்த்தது.

மூளைக்கு என்ன சம்பந்தம்?

பார்ப்பது கண் என்றாலும், பார்த்ததை புரிந்து கொள்வது மூளைதான். இதற்கென்றே பின்மண்டையில் தனி பகுதி உண்டு. கண் மங்கினால் அந்த பகுதிக்கு வேலை குறைகிறது. எதிரே நிற்பது யார் என்று கண்டுபிடிக்கவே மூளை திணறுவதால், மற்றதை ஞாபகம் வைப்பதில் கவனம் சிதறுகிறது.

பேப்பர் படிப்பது, பூ கட்டுவது, கோவிலுக்கு போவது எல்லாம் ஒவ்வொன்றாக நின்று போகிறது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் மூலையில் முடங்கி விடுகிறார்கள். பேச்சுத்துணை இல்லாத தனிமையும் மூளையை பாதிக்கிறது.

மறதியா, பார்வையா?

"சொந்த அண்ணன் மகனையே அடையாளம் தெரியல, புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று வீட்டில் முடிவு கட்டி விடுவார்கள். உண்மையில் முகமே தெரியாமல் இருந்திருக்கலாம். மாத்திரையை மாற்றிப் போடுவதும் இப்படித்தான். ஞாபக சக்தி பரிசோதனையில் படம் பார்த்து வரையச் சொல்வார்கள். கண் தெரியாதவர் அதில் தோற்பது சகஜம். எனவே முதலில் கண்ணை பரிசோதிப்பது நல்லது.

அதேநேரம், ஆபரேஷன் செய்தால் மறதி நோயே வராது என்று அர்த்தமில்லை. வந்த நோயும் அதனால் குணமாகாது. ஆனால் பார்வை கிடைக்கும், ஆபத்தும் குறையலாம்.

என்ன செய்யணும்?

"புரை முத்தட்டும்" என்று காத்திருக்க தேவையில்லை. அன்றாட வேலைக்கு இடைஞ்சலாக இருந்தாலே ஆபரேஷன் செய்யலாம். கண்ணை மட்டும் மரத்துப்போக வைத்து, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடித்து விடுவார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே செய்யப்படுகிறது. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-ம் ஆண்டு 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, கிராமங்களில் இலவச முகாம்களும் நடத்துகிறது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை விழித்திரையை பரிசோதிக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் தட்டுத்தடுமாறி நடந்தாலோ, டி.வி.க்கு கிட்டே போய் உட்கார்ந்தாலோ, "வயசாயிடுச்சு" என்று விட்டு விடாமல் கண் டாக்டரிடம் அழைத்துச் செல்வதே நல்லது.