கரி இறங்கும் துறைமுகம்

முத்துக்கும் உப்புக்கும் பெயர்பெற்றது தூத்துக்குடி. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட ஊரும் அதுவே. இன்று அதனை நிலக்கரித் துறைமுகம் என்றும் சொல்லலாம்.

நிலக்கரி ஏற்றுமதியால் உலகறிந்த நகரம் ஆஸ்திரேலியாவின் நியூகாசில். 1799இலேயே அங்கிருந்து வங்காளத்திற்குக் கரி சென்றது. தூத்துக்குடியோ கரியை வரவேற்கும் நகரம். ஒடிசாவின் தால்ச்சேரில் வெட்டிய கரி, இரயிலில் பாரதீப் துறைமுகம் வந்து கப்பலேறுகிறது. பாக் நீரிணையில் ஆழம் போதாமையால், கப்பல் இலங்கையைச் சுற்றிக்கொண்டே தூத்துக்குடியை அடைய வேண்டும்.

துறைமுகத்திலிருந்து கன்வேயர்ப் பட்டை வழியே கரி அனல் மின் நிலையம் சேரும். 1979 முதல் அங்கு 210 மெகாவாட் அலகுகள் ஐந்து அமைக்கப்பட்டன. கரியைப் பொடியாக்கி எரிப்பர். அவ்வெப்பத்தில் நீர் ஆவியாகும். ஆவி சுழலியைச் சுழற்ற, மின்சாரம் பிறக்கும்.

பிறந்த மின்சாரம் மாநிலம் முழுவதற்குமான மின்தொடரில் கலந்துவிடுகிறது. எந்த விளக்கு எந்தக் கரியால் எரிகிறது என்று பிரித்துச் சொல்ல இயலாது. கடலில்லாச் செஞ்சியில், இராஜகிரி அடிவாரத்தில் நான் தேர்வுக்குப் படிக்கும் விளக்கிலும் அக்கரிக்குப் பங்கிருக்கலாம்.

நம் நாட்டுக் கரியில் நூற்றுக்கு 30 பங்குக்கு மேலும் சாம்பல் இருப்பதுண்டு. வெளிச்சம் கம்பியேறி நம்மிடம் வருகிறது. சாம்பலோ உப்பளங்களும் மீனவர் குடியிருப்புகளும் உள்ள அக்கடற்கரையிலேயே தங்கிவிடுகிறது. மின்கட்டணச் சீட்டில் காணும் தொகை மட்டுமே மின்சாரத்தின் விலை அன்று. ஆளில்லா வகுப்பறையில் சுழலும் மின்விசிறியை நிறுத்தும்போது, நண்பர்களே, அந்த மறு விலையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.